விக்தர் மாமா கொடைக்கானலில் பிறந்த கதை

1

என் மாமனார் விக்தர், தான் கொடைக்கானலில் பிறந்தவர் என்று லாட்விய அரசாங்கத்திடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இல்லை என்று இனி சாதிக்கவும் முடியாது. இரண்டு தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள், ஒலிப்பதிவும் ஆகியிருக்கிறது.

ரீகா நகரில், ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் அந்த மொழித் தேர்வு நடந்தது. நானும் என் மனைவி லரிசாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் வயசானவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கையில் தாளை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை அன்று காலையில் நம்ம ஊர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் பார்ப்போமே, அதே முகங்கள். ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

கதவு திறந்து விக்தர் மாமா வந்தார். காலர் நனைந்திருந்தது, முகத்தில் மட்டும் சிரிப்பு. அவர் பேசுவது ரஷ்ய மொழி. அதை நான் இங்கே நம்மூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கவிட்டால் அந்த மனுஷர் இப்படித்தான் பேசுவார், எனக்குச் சந்தேகமே இல்லை.

"எல்லாத்துக்கும் சொல்லிட்டேன் மாப்ளே. ஒரு கேள்விதான் விட்டுப்போச்சு."

"எங்க பொறந்தீங்கன்னு கேட்டாங்களா மாமா?"

"அதான மொதக் கேள்வி. டக்குன்னு சொன்னேன். இந்தியாவுல, கொடைக்கானல்னு."

லரிசா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கியவர்களுக்குத் தெரியும். நான் பெஞ்சிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இந்த விவகாரத்தைப் புரியவைக்க வேண்டும். "ஐரோப்பாவுல இருக்கான், அவனுக்கென்ன" என்று சொல்கிறவர்கள் நம் பக்கம் அதிகம். இருக்கிறேன்தான். எப்படி இருக்கிறேன் என்று கேட்பதுதான் இல்லை.

படிக்க வந்தவன் நான். கடன் வாங்கிப் படிக்க வந்து, சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து, லரிசாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டேன். எங்களுக்கு ஒரு மகள், மீரா. தமிழுக்கும் ரஷ்யனுக்கும் லாட்வியனுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று தேடிப்பிடித்து வைத்த பெயர். பெயரில்தான் ஒற்றுமை.

லாட்வியா ஒரு காலத்தில் சோவியத்துக்குள் இருந்த சின்ன நாடு. அந்தக் காலத்தில் ஆலைகளில் வேலை செய்ய ரஷ்யர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். விக்தர் மாமாவின் அப்பா அம்மா அப்படி வந்தவர்கள்தான். மாமா பிறந்தது ரீகாவில். படித்தது, ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்தது, கல்யாணம் கட்டியது, என் மாமியாரை அடக்கம் செய்தது, எல்லாம் ரீகாவில். சோவியத் உடைந்து நாடு சுதந்திரம் அடைந்ததும் முதல் வேலையாக ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் குடிமக்கள், இந்தப் பக்கம் நடுவில் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். மாமா இந்தப் பக்கம். "குடிமகன் அல்லாதவர்" என்று அச்சடித்த ஒரு பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 'இல்லை' என்பதற்கு ஒரு பாஸ்போர்ட்!

சில வருஷம் அதை வைத்திருந்தார். பிறகு ஆலையை மூடினார்கள். ரஷ்யப் பாஸ்போர்ட் எடுத்தால் பென்ஷன் சீக்கிரம் வரும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்ல, இவரும் வரிசையில் நின்று வாங்கிவிட்டார். ரஷ்யாவில் இவருக்கு ஒரு பூனையைக்கூடத் தெரியாது. ஆனால் காகிதத்தின்படி அன்றைக்கு ரஷ்யர் ஆனார். ரஷ்யா பக்கத்து நாட்டின்மேல் போர் தொடுத்ததும் அந்தக் காகிதமே கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. ரஷ்யப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் லாட்விய மொழித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சட்டம் வந்தது. மகள் குடிமகள், பேத்தி குடிமகள், அதெல்லாம் கணக்கில் வராதாம். ரொம்ப வயசானவர்களுக்கு விலக்கு உண்டு. மாமாவுக்கு அந்த வயசும் இன்னும் ஆகவில்லை. "சீக்கிரம் கெழவனா ஆகவும் விடமாட்றானுங்க" என்பார்.

இதைப் படித்ததும் "என்ன அநியாயம்" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு மாடி வீட்டு இல்சேயிடம் பேசினேன். இல்சே லாட்வியப் பெண்மணி, ஓய்வு பெற்ற ஆசிரியை, எனக்கு லாட்விய மொழி சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அம்மா குடும்பத்தைச் சோவியத் ஆட்கள் மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் அடைத்து சைபீரியாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சொந்த ஊர்க் கடையில் சொந்த மொழியில் ரொட்டி கேட்டதற்கு, "மனுஷங்க பேசற பாஷையில கேளு" என்று கவுண்டரில் இருந்த ரஷ்யக்காரி திட்டியிருக்கிறாள்.

"சேகர், ரஷ்ய மொழிக்கு எவ்வளவு பெரிய வீடு இருக்கு, பாருங்க. எங்க மொழிக்கு உலகத்துல இந்த ஒரு வீடுதான்" என்றார். "உங்க மாமனார் பொறந்ததுலேர்ந்து இந்த வீட்டுலதான் இருக்கார். நல்ல மனுஷர், என் குழாயெல்லாம் ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கார். ஆனா எனக்கு வணக்கம்கூட என் மொழியில சொன்னதில்ல. ஏன்?"

மொழிக்காக ரயிலை மறித்தவர்களின் மாநிலத்திலிருந்து வந்தவன் நான். அவர் கேட்டதை மாமாவிடமே கேட்டேன்.

"யாரும் கேட்டதில்ல மாப்ளே. ஃபேக்டரில ரஷ்யன், கடைல ரஷ்யன். நான் வாயத் தொறந்தா அவங்களே ரஷ்யனுக்கு மாறிருவாங்க. மரியாதைக்குப் பேசறாங்கன்னு நெனச்சேன்."

"பயத்துக்குப் பேசினோம்" என்று இல்சே சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் நான்.

3

இந்தச் சமாசாரத்தை அப்பாவுக்கு வீடியோ காலில் சொன்னேன். அப்பா இருப்பது கொடைக்கானலுக்கு மேலே, பூம்பாறை போகிற பாதையில். குத்தகை நிலத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறார். அம்மா போனபிறகு தனியாகத்தான் இருக்கிறார். மேல் அறையை மட்டும் சீசனுக்கு வரும் டூரிஸ்டுகளுக்கு விடுகிறார்.

நான் கூப்பிட்டபோது, அடுப்புக்கு மேலே கம்பில் பூண்டுக் கட்டுகளைப் புகையில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மலைப்பூண்டு அப்படித்தான், புகை குடித்தால்தான் கெடாமல் நிற்கும். ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்திருந்ததால் எனக்கு அவர் கால் மட்டும்தான் தெரிந்தது.

"ஏலே சேகரு, இந்த வயசுல மனுசனுக்குப் பரிச்சையா? பெயிலாப் போனா?"

"ரஷ்யாவுக்குப் போகணும்ப்பா."

"அங்கன யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

 அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கி முகத்தைக் காட்டினார்.

"சம்மந்திகிட்ட சொல்லு. நாங்களும் இந்தச் சோலியப் பாத்துட்டுத்தான் வந்தோம்னு சொல்லு."

என் அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அவருடைய தாத்தா காலத்திலேயே போனவர்கள். அங்கே சுதந்திரம் வந்ததும் அங்கேயும் கோடு. நீங்கள் இந்த நாட்டு ஆள் இல்லை என்றார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, ஆடு மாட்டைப் பங்கு பிரிப்பதுபோல ஆளுக்கு இவ்வளவு பேர் என்று பிரித்துக்கொண்டன. வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்டதால் குடும்பமே இந்தியர் ஆனது. மீசை முளைக்காத வயதில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் மலையில் மரம் நடுகிற வேலைக்கு வந்து சேர்ந்தார். தேயிலைக்காரனுக்கு மலை ஒத்துவரும் என்று எவனோ ஒரு அதிகாரி நினைத்திருக்கிறான்.

"கப்பல்ல ஏத்தும்போது இந்தியாக்காரன்னு ஏத்துனாய்ங்க. எறங்குனா இங்கன சிலோன்காரன்னு எழுதிக்கிட்டாய்ங்க" என்று அப்பா சொல்வார். இன்றைக்கும் கடைவீதியில் அவரைத் தேடி விசாரித்தால் "அந்தச் சிலோன்காரர் வீடா?" என்றுதான் கேட்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. பொங்கலுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுகிறவர்களும் அவர்கள்தான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வரும். பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது நான் 'சிலோன் சேகர்', ஏனென்றால் வகுப்பில் இன்னொரு சேகர் இருந்தான். அவன் வெறும் சேகர்.

நான் வெளிநாட்டுக்கு வந்ததில் ஒரு லாபம் உண்டென்றால் அது இதுதான். இங்கே நான் இந்தியன், அவ்வளவுதான். ஒருத்தரும் மேற்கொண்டு தோண்டுவதில்லை.

4

மாமாவைத் தேர்வில் தேறவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் அந்தத் தேர்வை எழுதித் தேறியவர்கள் நானும் லரிசாவும்தான். லரிசா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். அவளுக்கு வருத்தம் கோபமாகத்தான் வெளியே வரும். "அந்தப் பாஸ்போர்ட்ட வாங்காதீங்கன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன்" என்று ஆரம்பித்தால் பாடம் எங்கே நடக்கும்?

எனக்குப் பாடம் நடத்தத் தெரிந்தது ஒரே முறை. திண்டுக்கல் டியூஷன் சென்டரில் எனக்கு எப்படி நடத்தினார்களோ அப்படி. முக்கியமான கேள்விகள், மாதிரி விடைகள், மனப்பாடம், ஒப்பித்தல். புரிகிறதா என்பது அப்புறம். நம் ஆட்கள் உலகம் முழுக்கப் பரவியிருப்பது இந்த ஒரு வித்தையால்தான் என்று நான் நம்புகிறவன்.

நான் தேர்வுக்குப் போனபோது சொன்ன பதில்கள் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். அவற்றை அப்படியே ஃபோனில் பேசிப் பதிவு செய்து மாமாவிடம் கொடுத்தேன். "நான் மலையில் பிறந்தேன். ஊரின் பெயர் கொடைக்கானல். அங்கே என் அப்பா பூண்டு பயிரிடுகிறார். நான் படிப்பதற்காக இந்த நாட்டுக்கு வந்தேன். எனக்கு இந்த நாடு பிடித்திருக்கிறது." இந்த மாதிரி.

"ஊர் பேரு, வேல, இதெல்லாம் உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கங்க மாமா. வாக்கியம் மட்டும் அதேதான்" என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

நகரத்துக்கு வெளியே அவருக்கு ஒரு தோட்டம் உண்டு. சின்ன மரக்குடில், நாலு ஆப்பிள் மரம், மிச்சமெல்லாம் பூண்டு. பூண்டு விஷயத்தில் அவருக்கும் என் அப்பாவுக்கும் ஒரு தனி நட்பு. ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது. வீடியோவில் ஆளுக்கொரு பூண்டை எடுத்துக் காட்டுவார்கள், பல்லைப் பிரித்து அகலம் காட்டுவார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். அப்பாவைப் பார்த்துத்தான் மாமாவும் குடிலில் அடுப்புக்கு மேலே பூண்டைக் கட்டித் தொங்கவிடத் தொடங்கினார். வசந்தகாலம் முழுக்க அவர் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, என் குரலைக் கேட்டுக்கொண்டே மண் கொத்தினார். "பிறந்தேன், பிறந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் போவார்.

உச்சரிப்பைத் திருத்த மீரா உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடங்களில் இப்போது எல்லாப் பாடமும் லாட்விய மொழியில் மட்டும்தான், அதனால் அதில் அவள் பெரிய பண்டிதை. தாத்தாவை ரஷ்ய முறைப்படி 'தேதா' என்று கூப்பிடுவாள்.

"தேதா, தப்பு. மறுபடி சொல்லு."

சொல்வார்.

"இப்பவும் தப்பு. நீ அப்பா மாதிரியே பேசற!"

பிறகு விழுந்து விழுந்து சிரிப்பாள். ரீகாவில் பிறந்த ரஷ்யக் கிழவர் லாட்விய மொழியைத் திண்டுக்கல் மாவட்டத்து இழுவையோடு பேசுகிறார் என்றால் சிரிப்பு வராதா? எனக்கும் வந்தது. மாமாவும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது.

சிரிப்பு வராத விஷயம் ஒன்றும் உண்டு. டிராமில் போகும்போது மாமா வழக்கம்போலச் சத்தமாக ரஷ்யனில் ஏதோ சொன்னார். மீரா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "இங்க பேசாத தேதா" என்றாள். அடிக்குரலில், லாட்விய மொழியில். எதிர் சீட்டில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மாமா இறங்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கொடைக்கானலில் நான் படித்த மிஷன் பள்ளியில், தமிழில் பேசியவனைப் பிடித்துக் கொடுக்க ஒரு லீடர் இருப்பான். பிடிபட்டவன் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மகளைத் திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். என்னிடம் அவள் பேசும் தமிழோ 'போதும்', 'வேணாம்', 'வா' என்ற மூன்றோடு நிற்கிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது?

5

தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்போதுதான் முழுக் கதையும் வந்தது.

"எங்கே பிறந்தீர்கள்?" கொடைக்கானல். "அது எங்கே இருக்கிறது?" இந்தியாவில், மலையில். "இங்கே எப்போது வந்தீர்கள்?" படிப்பதற்காக வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்மணி அவருடைய வெள்ளை முடியையும் நீலக் கண்ணையும் பார்த்துவிட்டு, அடையாள அட்டையை ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர் இருமியிருக்கிறார். மாமா நிறுத்தவில்லை. என் அப்பாவின் பூண்டு வயலைப் பற்றி, மூடுபனியைப் பற்றி, எனக்குப் பிடித்த சாப்பாடு சோறும் குழம்பும் என்பது வரை எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார்.

"அப்பா, உங்களுக்குப் பைத்தியமா?" லரிசா கரண்டியைக் கீழே போட்டாள். "மாத்திச் சொல்லுங்கன்னு சேகர் சொன்னார்ல? 'நான் ரீகாவில் பிறந்தேன்' — இதச் சொல்ல என்ன கஷ்டம்?"

"சொல்லிப் பாத்தேன்டா கண்ணு. தோட்டத்துல மாத்தி மாத்திச் சொல்லிப் பாத்தேன்." மாமா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "நான் ரீகாவில் பிறந்தேன். சரி. அடுத்தது, 'எப்போது வந்தீர்கள்?' அதுக்கு என்ன சொல்ல? நான் வரலையே. 'இந்த நாடு பிடித்திருக்கிறதா?' இதென்ன கேள்வி? ஒனக்கு ஒன் முழங்கால் பிடிச்சிருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவ? இந்தக் கேள்வியெல்லாம் வந்தவனக் கேக்கற கேள்வி. மாப்ளயோட பதில் எல்லாத்துக்கும் பொருந்துச்சு. என்னோடது ஒண்ணுக்கும் பொருந்தல."

லரிசா எழுந்து குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். 

"விட்டுப்போன கேள்வி எது மாமா?" என்று கேட்டேன்.

"கடைசில அந்தம்மா நல்ல மாதிரியாத்தான் கேட்டா. 'உங்கள் ஊர் நினைவு வருமா?'ன்னு. ஒன் பதிவுல அது இல்லையே மாப்ளே."

இல்லைதான். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

"கேள்வி புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. நிமிந்து பாக்கறேன், அவ தலைக்குப் பின்னாடி ஜன்னல்ல எங்க பழைய ஃபேக்டரியோட புகைபோக்கி தெரியுது. எந்த ஊரக் கேக்கறான்னு யோசிச்சேன். யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நேரம் முடிஞ்சுபோச்சுன்னாங்க."

முடிவு தபாலில் வந்தது. தேறவில்லை. எழுதுவதிலும் கேட்பதிலும் கரையேறிவிட்டார், பேசுவதில்தான் போயிற்று. பொய் சொன்னதற்காக அல்ல, தேர்வில் உண்மை பொய் பார்க்க மாட்டார்களாம். சரளமாக ஒப்பித்துவிட்டு எதிர்பாராத கேள்விக்கு ஊமையாக உட்கார்ந்ததால், அத்தனையும் மனப்பாடம் என்று தெரிந்துவிட்டது. இன்னொரு முறை எழுதலாம். குளிர்காலம் முடிவதற்குள். அதிலும் போனால் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கடிதம் வரும்.

6

அப்பாவிடம் சொன்னபோது, "இங்க வரச்சொல்லுலே" என்றார். யோசிக்கவே இல்லை. "மேல ரூமு சும்மாத்தான கெடக்கு. ரெண்டு பேருமா பூண்டப் போட்டுட்டு, வெள்ளனே எந்திரிச்சு டீயக் குடிச்சுட்டு கெடப்போம். வெரசா டிக்கட்டப் போடு."

"அப்படியெல்லாம் வர முடியாதுப்பா. விசா வேணும். டூரிஸ்ட் விசாவுல கொஞ்ச நாள்தான் இருக்கலாம். அப்பறம் வெளிய போகணும்."

"எங்க போகணும்?"

"அவர் ஊருக்கு."

"எந்த ஊருக்குலே?"

 கேட்டுவிட்டு அப்பாவே சிரித்துவிட்டார், அதில் சந்தோஷம் இல்லை. "இப்ப கொடைக்கானலுக்குக் காருல ஏறி வரவே ஈ-பாசு எடுக்கச் சொல்றான். இவரு எங்கிட்டு வர! வந்தாலும் இவரையும் சிலோன்காரர்னுதான் எழுதுவாய்ங்க."

ஃபோனை வைக்கும்முன் கேட்டார்: "ஏலே, நீயி ஒன் பாஸ்போட்ட மாத்திரலாம்னு ஒரு நாளு சொன்னியே. மாத்திட்டியா?"

"இல்லப்பா. யோசிக்கறேன்."

"யோசி. நல்லா யோசி. எங்கப்பா யோசிக்காமத்தான் கையெழுத்துப் போட்டாரு."

லாட்வியக் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வாங்காவிட்டால், நாளைக்கு எந்த நாட்டோடு எந்த நாட்டுக்குச் சண்டை வரும், எனக்கு என்ன பரீட்சை வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்து, தப்பித்துப் போனவன் என்கிறார்கள். நான் என்ன சொல்ல!

7

இந்த ஊரில் பூண்டு ஊன்றுவது அக்டோபரில். உறைபனி விழுவதற்கு முன்னால் பல்லை மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும். அது பனிக்கடியில் தூங்கி, வசந்தத்தில் முளைத்து, ஜூலையில் பிடுங்கத் தயாராகும். போன சனிக்கிழமை நான், மாமா, மீரா மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். லரிசா வரவில்லை. ஜூலையில் யார் வந்து பிடுங்குவது என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

மாமா வழக்கத்தைவிட நிறைய பாத்தி வெட்டியிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. "எதுக்கு மாமா இவ்வளவு?" என்றேன். காதில் விழாத மாதிரி அடுத்த பாத்திக்குப் போனார். இந்த முறை இயர்ஃபோன் இல்லை. இரண்டாம் தேர்வுக்கு அவர் படிப்பதையே விட்டுவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். "பதில் இல்லாத கேள்விக்கு என்னத்தப் படிக்க?" என்கிறார்.

மாமா குச்சியால் குழி போட்டுக்கொண்டே போனார். நான் பல்லை வைத்தேன், மீரா மண்ணை மூடினாள். வேலை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மாமா நிமிர்ந்து, மீராவைப் பார்த்து, லாட்விய மொழியில் பேச ஆரம்பித்தார்.

"மீரா, கேள். ஜூலையில், இலை பாதி மஞ்சளானதும் பிடுங்கு. இழுக்காதே. அறுந்து போகும். மண்வெட்டியைக் கீழே விட்டுத் தூக்கு. வெயிலில் போடாதே. கட்டித் தொங்கவிடு, அடுப்புக்கு மேலே. ரொம்பப் பெரிசாக இருப்பதைச் சாப்பிடாதே. அதை விதைக்கு வை."

தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார். சொல்லுக்காக நின்றார், கையால் காட்டினார், வேற்றுமை உருபெல்லாம் கன்னாபின்னா. ஆனால் ஒரு வாக்கியம்கூட என்னுடையது இல்லை. ஒன்றுகூட நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. நான் கையில் இருந்த பூண்டைப் போட்டுவிட்டுக் கத்தினேன்:

"மாமா! இதத்தான! இதையே அங்க போயிச் சொல்லுங்க மாமா, பாஸ் ஆயிருவீங்க!"

"கேக்கட்டும், சொல்றேன்" என்றார் ரஷ்யனில். "பூண்டப் பத்தி அவங்க கேக்கலையே."

மீரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா தன்னிடம் பள்ளிக்கூட மொழியில் பேசியதில் அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மண் ஒட்டிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் இருந்தார்கள், அவள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. நல்ல சத்தமாக, ரஷ்ய மொழியில் கேட்டாள்:

"நான் எதுக்கு தேதா பிடுங்கணும்? ஜூலைல நீ எங்க இருப்ப?"

மாமா குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தத் தேர்வு அறையில் உட்கார்ந்த மாதிரியே இப்போதும் உறைந்துவிடுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு பரீட்சைக்கு நிற்பவர்போல முதுகை நிமிர்த்தி, தெளிவான லாட்விய மொழியில் சொன்னார்:

"ஊரின் பெயர் கொடைக்கானல். அது மலையில் இருக்கிறது. அங்கே என் அப்பா பூண்டு பயிரிடுகிறார்."

மீரா தலையைச் சாய்த்து, கவனமாக, கடைசிச் சொல் வரை கேட்டாள்.

"இந்தத் தடவ ஒரு தப்புகூட இல்ல தேதா" என்றாள்.